ஐந்தாகமத்தைப் பாதியில் விடாமல் படித்து முடிக்க

ஐந்தாகமம் என்பது பைபிளின் முதல் ஐந்து புத்தகங்கள், மொத்தம் 187 அதிகாரம். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முன்பாதியும் கதையாகவே ஓடிவிடும், அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். ஆட்கள் புத்தகத்தை மூடி வைப்பது, ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும் யாத்திராகமம் 25-இல்தான். நானும் அங்கேதான் மாட்டினேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். யாத்திராகமம் 19-இல் சீனாய் மலைக்கு வந்து சேரும் இஸ்ரவேல் ஜனங்கள் எண்ணாகமம் 10-இல்தான் கிளம்புகிறார்கள். நடுவில் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லேவியராகமம் முழுக்க அந்த மலையடிவாரம்தான். ‘கதை ஏன் நகரவில்லை’ என்ற எரிச்சல் இது தெரிந்தாலே பாதி குறையும்.

இப்போது 25-ஐத் திறங்கள். வாசிக்காதீர்கள், கூடாரத்தையும் அதைச் சுற்றியுள்ள பிராகாரத்தையும் வரையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 5 முழம் என்று வைத்துக்கொண்டால், 100-க்கு 50 முழமான பிராகாரம் 20-க்கு 10 சென்டிமீட்டர் கட்டமாக வரும். வாசல் கிழக்கே. கூடாரத்துக்குப் பக்கத்துக்கு 20 பலகை, ஒவ்வொன்றும் ஒன்றரை முழ அகலம். ஆக நீளம் 30 முழம், தாளில் 6 சென்டிமீட்டர். வெண்கலப் பலிபீடம் 5-க்கு 5 முழம், அதாவது ஒரே ஒரு சின்னச் சதுரம். தூபபீடமும் தண்ணீர்த் தொட்டியும் 30-ஆம் அதிகாரத்தில்தான் வரும், அதனால் 27 முடிந்ததும் மையில் வரைந்துவிடாதீர்கள். பென்சில் போதும். தொட்டிக்குப் பலிபீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே இடம் விடுங்கள்.

இதற்கு அச்சுப் புத்தகம்தான் சரி. செல்போன் செயலியில் 25-க்கும் 30-க்கும் மாறி மாறிப் போவதற்குள் வெறுத்துவிடும்.

படம் இருந்தால் 35 முதல் 40 வரை சுலபம். கட்டச் சொன்னதைக் கட்டுகிறார்கள், சரிபார்த்துக்கொண்டே போகலாம். நடுவே 32-இல் வரும் பொன் கன்றுக்குட்டியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அப்புறம் லேவியராகமம். நான் சொல்லும் வரிசை: முதலில் 8 முதல் 10 வரை, அதில் ஆசாரியன் ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் சாகிறார்கள். பிறகு 16, பாவநிவாரண நாள். அதற்குப் பின் 1 முதல் 7 வரையுள்ள பலிகளுக்குத் திரும்புங்கள். இரத்தத்தை எங்கே தெளிக்கிறார்கள் என்பதை உங்கள் படத்திலேயே விரல் வைத்துப் பார்க்கலாம்.

எண்ணாகமம் 13-இலிருந்து கதை மறுபடி வேகம் பிடிக்கும். உபாகமம் பெரும்பாலும் மோசேயின் பேச்சு, சத்தமாகப் படித்தால் நன்றாக இருக்கும்.

பின்சேர்க்கை: யூதர்களின் வாராந்தர வாசிப்பு அட்டவணையை (54 பகுதிகள்) வைத்துப் படிக்கும் சிலர் வசன எண் பொருந்தவில்லை என்றார்கள். எபிரேய எண்ணிக்கை சில இடங்களில் தள்ளி வரும். அட்டவணையில் ஆதியாகமம் 32:4 என்றிருந்தால் பழைய திருப்புதல் என்ற தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் 32:3-ஐப் பாருங்கள். லேவியராகமம் 5:20 அங்கே 6:1.