பழைய வீரா, சாகா, கஞ்சில்: எஞ்சினுக்கும் கியருக்கும் எந்த எண்ணெய்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, வீரா, பெரோடுவா கஞ்சில் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இந்தக் கார்களுக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான்: "பழைய காடிதானே, கெட்டியா ஒண்ணு குடுங்க." எஞ்சினுக்கு இது பாதி சரி. கியருக்கு முழுத் தவறு. எஞ்சின் எண்ணெயில் கொஞ்சம் பிசகினால் அடுத்த முறை மாற்றும்போது திருத்திக்கொள்ளலாம். ஆட்டோ கியரில் பிசகினால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

முதலில் டப்பாவில் இருக்கும் எண். 20டபிள்யூ-50 என்பதில் முன்னால் இருப்பது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் ஓடும் தன்மை, பின்னால் இருப்பது சூடேறிய பின் உள்ள தடிப்பு. 100 டிகிரியில் 40 ரக எண்ணெய் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு) வரையிலும், 50 ரகம் 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கும். நம் ஊரில் விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால் 0டபிள்யூ, 5டபிள்யூ எண்ணெய்க்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் முன் எண் 10 உள்ள எண்ணெய் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேலே உள்ள கேம் ஷாஃப்ட் வரை சீக்கிரம் ஏறிவிடும். 20 உள்ளது சற்றுத் தாமதிக்கும். அந்தச் சில விநாடிகளில்தான் மேலே 'டக் டக்' சத்தம் கேட்கும்.

புகையில்லாமல், எண்ணெய் குடிக்காமல் ஓடும் வீராவுக்கோ சாகாவுக்கோ 10டபிள்யூ-40 செமி சிந்தெட்டிக் போதும். கஞ்சில் 850க்கும் அதே எண்ணெய் பொருந்தும். கொஞ்சம் குறைகிறது, அடியில் கசிவும் இருக்கிறது என்றால் 15டபிள்யூ-40. சூடான பிறகு ஐட்லிங்கில் எண்ணெய் விளக்கு மினுங்கினால் மட்டும் 20டபிள்யூ-50 பற்றி யோசியுங்கள். அதற்கும் முன்னால் மெக்கானிக்கிடம் கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சென்சர் சுவிட்ச் பழுதாகியே விளக்கு எரிவதும் உண்டு.

நீலப் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை புகைந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வ் சீல். மேட்டில் மிதிக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங். ரிங் தேய்ந்த எஞ்சினில் கெட்டி எண்ணெய் புகையைக் கொஞ்ச காலத்துக்குக் குறைக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது. வால்வ் சீல் அவ்வளவு பெரிய வேலை இல்லை. அதை விட்டுவிட்டு வருடக்கணக்கில் 20டபிள்யூ-50 ஊற்றுவது வீண்.

தரக் குறியீட்டில் ஏபிஐ எஸ்எல் அல்லது அதற்குப் பிந்தைய எஸ்எம், எஸ்என், எஸ்பி எதுவானாலும் இந்த எஞ்சின்களுக்குச் சரி. லோரிக்கும் டிராக்டருக்கும் வாங்கி வைத்த டீசல் எண்ணெய் வீட்டில் மீந்திருந்தால், டப்பாவில் சிஐ-4 உடன் எஸ்எல் போன்ற 'எஸ்' குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்ரோல் காருக்கு வேண்டாம். மோட்டார் சைக்கிள் எண்ணெயைக் காரில் அவசரத்துக்கு அரை லிட்டர் சேர்த்தால் கெடுதல் இல்லை. கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

கார்பரேட்டர் எஞ்சின்களில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணெய் அளவு குறைவதற்குப் பதில் ஏறுகிறதா? எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், எஞ்சினோடு பொருத்திய பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் படலம் கிழிந்து பெட்ரோல் கீழே இறங்கியிருக்கலாம். திறக்காமல் அடைத்தே நிற்கும் சோக்கும் (கார்பரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) இதைச் செய்யும். காரணத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெய் ஊற்றினாலும் அது நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்னும்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. உள்ளே கசியும் நீராவி வெளியேறாமல், எண்ணெய் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பசையாக ஒட்டும். மூடியில் மட்டும் இருந்து, கம்பியில் எண்ணெய் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை ஈப்போ வரை ஓட்டிவிட்டு வாருங்கள். கம்பியிலும் அதே நிறம், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். இப்படிக் குறுகிய தூரமும் செம்மண் பாதையுமாக ஓடும் காருக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள்.

வீரா 1.5க்கு ஃபில்டரோடு சேர்த்து 3.3 லிட்டர் அளவில் பிடிக்கும். 4 லிட்டர் டப்பாவை முழுதும் கவிழ்த்துவிடாதீர்கள். அளவு மீறினால் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயை அடித்து நுரையாக்கி, அழுத்தம் விழுந்துவிடும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் சில நிமிடங்களில் எண்ணெய் முழுதும் வெளியே பீய்ச்சிவிடும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, ஒட்டிய பின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

மேனுவல் கியருக்கு ஜிஎல்-4 குறியுள்ள 75டபிள்யூ-90 கேளுங்கள். வீராவுக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். கடைக்காரர் "இது இன்னும் ஒஸ்தி" என்று ஜிஎல்-5 கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள கூடுதல் கந்தகக் கலவை பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கலாம். தவிர, அந்த வளையம் பிடித்து நிறுத்தினால்தான் கியர் சத்தமின்றி விழும். அதிக வழுவழுப்பு அதற்கு எதிரி. இரண்டாம் கியர் கரகரப்பது முதல் அறிகுறி. எண்ணெயை வடிக்கும் முன் மேலே ஊற்றும் நட்டைத் திறந்து பாருங்கள். வடித்துவிட்டு அது கழலாமல் போனால், கார் நின்ற இடத்திலேயே கிடக்கும். காரைச் சமமாக நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்கும்வரை ஊற்றுங்கள்.

ஆட்டோ கியரில் எண்ணெயின் தடிப்பைவிட உராய்வுக் கலவைதான் முக்கியம். மிட்சுபிஷி கியர் உள்ள வீராவுக்கு எஸ்பி-2 அல்லது எஸ்பி-3 ரகம், கஞ்சில் ஆட்டோவுக்கு டெக்ஸ்ரான் ரகம். இரண்டும் சிவப்புதான், ஆனாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் கியர் உதறும் அல்லது இழுக்கும். 2011இல் வந்த சாகா எஃப்எல்எக்ஸ் சிவிடிக்கு (பெல்ட்டில் இயங்கும் ஆட்டோ கியர்) அதற்கென உள்ள சிவிடி எண்ணெய் மட்டுமே. சாதாரண ஆட்டோ எண்ணெய் ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கிப் பெட்டியே போய்விடும்.

வடித்தால் எல்லா எண்ணெயும் வெளியே வராது. எஞ்சினையும் ஆட்டோ கியரையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் கணிசமாகத் தங்கிவிடும். வடித்து ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுவதே பழைய கியருக்கு நல்லது. எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடையோடு, கியரும் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் மெஷின் வைத்து ஃபிளஷ் செய்யாதீர்கள். அளவைச் சூடான பின், எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும்: வீராவில் கியர் கம்பியை எல்லா இடத்திலும் ஒருமுறை நகர்த்திவிட்டு 'என்'னில், கஞ்சிலில் 'பி'யில்.

வடித்த எண்ணெயைச் செம்பனை வரிசையிலோ வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலோ கொட்டாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 305 என்ற வகைக் கழிவு. அதே டப்பாவில் நிரப்பி, கழிவெண்ணெய் சேர்த்துவைக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.