நக்ஸோஸ் தீவில் கல்யாணம்: தாய்மாமன் எழுதும் ஏற்பாட்டுக் குறிப்புகள்

கிரீஸ் நாட்டுத் தீவில் கல்யாணம் என்று பிள்ளைகள் சொன்னால், எந்தத் தீவு என்றுதான் வீட்டில் பேச்சு தொடங்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் முடிவாக வேண்டியது தாலி எங்கே கட்டுவது என்பது. அது முடிவானால் விசா, செலவு, யார் யார் வருவார்கள் என்பதெல்லாம் தானாக ஒரு ஒழுங்குக்கு வரும்.

நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவன். சரக்கு வாங்கும் பையர்களைப் பார்க்க ஐரோப்பா போய்வந்த பழக்கம் உண்டு என்பதால், அக்கா மகள் கல்யாணத்தைத் தீவில் வைக்கலாம் என்ற பேச்சு வந்ததும் "மாமன் பார்த்துக்குவான்" என்று பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். மணமக்கள் இருவருக்கும் ஜெர்மனியில் வேலை, சிநேகிதர்கள் எல்லாம் அந்தப் பக்கம். ஊரிலிருந்து கிளம்பியது நாற்பது உருப்படி, அதில் பாதி அறுபது வயதுக்கு மேல்.

எங்கள் வீட்டில் தாலி காங்கேயம் பக்கம் குலதெய்வம் கோயிலில், வைகாசி முகூர்த்தத்தில் கட்டியாயிற்று. இணைச்சீர், அருமைக்காரர், மங்கல வாழ்த்து என்று கொங்குச் சீர்களில் ஒன்றும் குறையில்லை. மாலை மாற்றலும் விருந்தும் மட்டும் தீவில். இதை நான் பிடிவாதமாகச் சொன்னதற்குச் சடங்கு ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, இந்த மாநிலத்தில் நடக்கும் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். கடல் கடந்து கட்டிய தாலிக்கு அந்த அலுவலகத்தில் இடமில்லை. கிரீஸிலேயே சட்டப்படி மணம் முடிக்கலாம், 1982 முதல் அங்கே சிவில் மணம் உண்டு, நகராட்சியில் மேயரோ அவருடைய பிரதிநிதியோ நடத்திவைப்பார். ஆனால் பிறப்புச் சான்று, மணமாகாதவர் என்ற சான்று, இரண்டுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் என்ற அரசு முத்திரை, அப்புறம் கிரேக்க மொழிபெயர்ப்பு என்று காகிதம் வளர்ந்துகொண்டே போகும். ஊரில் தாலி கட்டிப் பதிவும் செய்துவிட்டால், தீவில் நடப்பது அரசாங்கக் காகிதம் எதுவும் தேவைப்படாத வெறும் விழா. அங்குள்ள ஏற்பாட்டாளர்கள் அதை 'சிம்பாலிக்' என்பார்கள். விலை கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பேப்பர் வேலைக்கான கட்டணம் குறையும்.

"அப்ப அங்க எதுக்குங் போறது?" என்று பங்காளி ஒருவர் கேட்டார். சோறு திங்கத்தானுங்க என்றேன். வர முடியாத பெரியவர்கள் கோயிலிலேயே அட்சதை போட்டுவிட்டதால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மாதம் பார்ப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து 'மெல்டெமி' என்றொரு காற்று நாள் கணக்கில் அடிக்கும். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். நம் ஆடி மாதம் சரியாக அதற்குள் விழுகிறது, ஆகவே நம்மவர்கள் தானாகவே தப்பித்தோம். வைகாசி பின்பாதியும் ஆனி முன்பாதியும் நல்ல காலம், ஆவணியின் கடைசியும் அப்படியே. புரட்டாசியில் கடல் இதமாக இருக்கும், ஆனால் கவிச்சி தொடாத ஒறம்பரையைக் கடலோர விருந்துக்குக் கூட்டிப்போய் என்ன செய்வது? ஐப்பசி பிறந்தபின் ஓட்டல்கள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்துவிடும்.

இப்போது தீவு. எல்லோரும் கேட்பது சாண்டோரினி. வெள்ளை வீடும் நீலக் கூரையும் படத்தில் பார்த்தவர்கள் அங்குள்ள படிக்கட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊர் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் தொங்குகிறது. அங்குள்ள ஓயா என்ற ஊரில் பல ஓட்டல்களுக்கு வண்டி போகாது, பெட்டியை ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும். துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சாலை திம்பம் மலைப்பாதையின் தம்பி. 2025 தொடக்கத்தில் நிலநடுக்கம் தொடர்ந்து வந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறியதும் அங்கேதான். முட்டிவலிக்காரர்கள் இல்லாத குழு என்றால் தாராளமாகப் போங்கள். மிக்கோனோஸ் காற்றுக்கும் ராத்திரிக் கொண்டாட்டத்துக்கும் பேர்போனது, விலையும் அப்படி. கிரீட் பெரிய தீவு, இரண்டு பெரிய விமான நிலையங்கள், ஏதென்ஸில் கப்பல் ஏறாமலே போகலாம் என்பதால் நூறு பேருக்கு மேல் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

நாங்கள் நக்ஸோஸ் போனோம். மேற்குக் கரை சமதளம், மணல் நீளமானது, ஓட்டல் வாசல் வரை வண்டி வரும். அது விவசாயத் தீவும்கூட. உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் பெற்றது. எங்கள் அப்பச்சி வந்திறங்கிய மறுநாளே ஒரு கிழங்குக் காட்டு வரப்பில் நின்று, பாஷை தெரியாத ஒருவரிடம் தண்ணீர் விடும் முறை பற்றிக் கையாலேயே விசாரித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் போர்ட்டாரா என்று தனியாக நிற்கும் பளிங்கு வாசல் இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் மிச்சம். புராணப்படி தீசியஸ் என்பவன் அரியாட்னி என்ற இளவரசியை இந்தத் தீவில் விட்டுவிட்டு ஓடிப்போனான், பிறகு டயோனிசஸ் கடவுள் வந்து அவளைக் கட்டிக்கொண்டார். இந்தக் கதையைச் சம்பந்தி வீட்டாரிடம் முதல் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள்.

விசாவுக்கு வருவோம், நேரம் முழுக்க இதில்தான் போகும். கிரீஸுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். அந்தக் கடைசி எல்லையை நம்பவே கூடாது. கைரேகை கொடுக்க ஆளாளுக்கு நேரில் போக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயதிலிருந்து 12க்குள் 45, அதற்குக் கீழே இல்லை. இதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பழைய நோய்க்கும் சேர்த்து எடுங்கள், பிரீமியம் பார்த்துச் சிக்கனம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

நம் பக்கத்தில் மூன்று சிக்கல் வரும். முதலாவது பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். விமான டிக்கெட், காப்பீடு, ஓட்டல், கப்பல் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். குடும்பப் பெயர் காலியானவர்களுக்கு எப்படிப் பதிவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் எல்லோருடைய பாஸ்போர்ட் முன்பக்கத்தையும் வாங்கி ஒரே எக்செல் தாளில் ஏற்றி, அதிலிருந்து மட்டும்தான் எந்தப் படிவத்தையும் நிரப்பச் சொன்னேன்.

இரண்டாவது, வருமானக் கணக்கு. தோட்டம் துரவு வைத்திருப்பவர்களுக்கு விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, ஆகவே வரிக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். கோடிக்கணக்கில் சொத்து இருந்தும் காட்டக் காகிதம் இல்லாத நிலை. சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் வருமானச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காயோ மஞ்சளோ விற்ற ரசீது, இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு வையுங்கள். மகனோ மகளோ செலவை ஏற்றால் அவர்களுடைய கடிதமும், உறவைக் காட்டும் சான்றும் வேண்டும். விசா அதிகாரிக்கு ஒரே சந்தேகம்தான்: இவர் திரும்பி வருவாரா? மாடும் தோட்டமும் வைத்திருப்பவர் திரும்பாமல் எங்கே போவார் என்பது நமக்குத் தெரியும், காகிதத்தில் அதைக் காட்ட வேண்டும். கோயில் கல்யாணப் பத்திரிகையும், தீவு விழாவுக்கு மணமக்கள் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதமும் சேர்த்தால் பயணக் காரணம் தெளிவாகும்.

மூன்றாவது, "வந்தது வந்தோம், அப்படியே பாரிஸ் பார்த்துட்டு வந்தரலாம்" என்கிற கூட்டம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். தீவில் நான்கு நாள், பிரான்ஸில் ஆறு நாள் என்றால் அவர்கள் பிரான்ஸுக்குப் போக வேண்டியவர்கள். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லி, குழுவைப் பிரித்துவிடுங்கள்.

பயண வழி: கொச்சியிலிருந்து துபாய் அல்லது தோகா வழியாக ஏதென்ஸ். அங்கிருந்து பிரேயஸ் துறைமுகம், பெரிய கப்பலில் நக்ஸோஸுக்கு ஐந்தாறு மணி நேரம். வேகக் கப்பலில் நேரம் குறையும், குலுக்கல் கூடும். காற்று கடுமையானால் முதலில் நிற்பதும் வேகக் கப்பல்தான். அதனால் பெரிய கப்பலே எடுங்கள், விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். திரும்பும்போது ஒரு ராத்திரி ஏதென்ஸில் தங்குவதுபோல் விமான டிக்கெட் போடுங்கள். துறைமுகத்துக்கு மெட்ரோ உண்டு, ஆனால் கழுத்தில் நகையோடு பெண்கள் அதில் வேண்டாம், ஜேப்படிக்காரர்கள் அதிகம். வேன் பேசிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதில் பெண்கள் பக்கம் பெரிய சண்டை வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, நெய் மைசூர்பாகு எல்லாம் இதில் அடக்கம். வெற்றிலை, மாவிலை, கறிவேப்பிலை, சத்தியமங்கலம் மல்லிகை எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும், அதை யார் எடுப்பது. கற்பூரம் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் ஏறாது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறி மசால், உலர்ந்த மஞ்சள் கொம்பு, குங்குமம், ஏலக்காய் போகும். தோரணத்துக்கு ஆலிவ் கிளை சொல்லிவைத்தோம், மாவிலை இல்லாத குறையே தெரியவில்லை. காகிதப்பூ தீவெங்கும் கொட்டிக் கிடக்கிறது. மாலைக்கு ரோஜாவும் துளசியின் வகையான பேசிலும் உள்ளூர்ப் பூக்கடைக்காரரிடம் கட்டச் சொல்லி, மாலை கட்டும் விதத்தை வீடியோ எடுத்து அனுப்பினோம்.

நம்மூர்ச் சமையல்காரரைச் சுற்றுலா விசாவில் கூட்டிப்போய்ச் சமைக்க வைப்பது சட்டப்படி வேலை, அந்த யோசனையை விடுங்கள். உள்ளூர் சமையலிலேயே நமக்கு ஒத்துப்போவது நிறைய. தக்காளி, குடமிளகாய்க்குள் அரிசி அடைத்து வேகவைக்கும் யெமிஸ்தா, திராட்சை இலையில் அரிசி சுற்றிய டோல்மாடிஸ், பெரிய அவரைப் பயறு, கெட்டித் தயிர், அரிசிப் பாயசம் போன்ற ரிசோகலோ. சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'நிஸ்டிசிமோ' என்றால் விரதச் சாப்பாடு, கறியும் பாலும் இருக்காது, ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் இருக்கலாம். டோல்மாடிஸிலும் கொத்துக்கறி வரும். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அரிசிம்பருப்பு மட்டும் அக்காவே வாடகை வீட்டின் அடுப்பில் குடும்பத்துக்கு என்று ஆக்கினாள். ஜெர்மன் சிநேகிதர்கள் பாத்திரத்தைச் சுரண்டிவிட்டார்கள்.

இடம் பேசும்போது ஏற்பாட்டாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: காற்றடித்தால் மாற்று இடம் எது, இசை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், நிழல் எங்கே, சக்கர நாற்காலி போகுமா. கோடையில் மத்தியானம் 3 முதல் 5.30 வரையும், ராத்திரி 11க்குப் பிறகும் அமைதி நேரம். பெண் வீட்டார் மேளமோ மாப்பிள்ளைக்கு வேண்டியவர்கள் டிஜேயோ இதற்குள் அடங்க வேண்டும். கடற்கரை பொதுச் சொத்து, அதில் பந்தல் போட அனுமதி வேண்டும், போர்ட்டாராவில் விழா நடத்துவதும் அப்படியே. ஜூனில் சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும், ஆறேழு மணிக்கு மாலை மாற்றினால் வெயிலும் உறைக்காது, படமும் நன்றாக வரும். அப்போது ஊரில் மணி எட்டரை முதல் ஒன்பதரை, இரண்டரை மணி நேர வித்தியாசம். பெரியவர்கள் போனில் பார்க்க முழித்திருப்பார்கள். குத்துவிளக்கு காற்றில் நிற்காது, கண்ணாடிக் கூண்டு விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம். அங்கே கடையில் 500 யூரோவுக்கு மேல் ரொக்கம் வாங்கக் கூடாது என்பது சட்டம், மொய்ப் பையை நம்பிப் போகாதீர்கள். ஓட்டல் வாடகைக்கு மேல் கோடையில் அறைக்கு ஒரு ராத்திரிக்கு நான்கு நட்சத்திரத்தில் 10, ஐந்து நட்சத்திரத்தில் 15 யூரோ அரசுக் கட்டணம் அங்கேயே கட்ட வேண்டும். இருபது அறை, நான்கு ராத்திரி என்று பெருக்கிப் பாருங்கள். இங்கிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடித்தால் அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், யாருடைய பான் எண்ணில் அனுப்புகிறீர்கள் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நகை கொண்டுபோகிறவர்கள் கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள், எடையும் படமும் ஒட்டி. திரும்பும்போது இது வெளிநாட்டில் வாங்கியது என்று யாரும் தீர்வை கேட்க முடியாது. சுங்க மேசை திறந்திருக்க வேண்டும், வரிசை நிற்கும், அதனால் அன்றைக்கு மட்டும் கோயம்புத்தூர், ஈரோட்டிலிருந்து கொச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வேன் கிளம்பட்டும்.