எட்டும் எய்ட்டும் உறவா? ஒலி ஒத்த சொற்களைச் சோதிக்கும் முறை

தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் எய்ட், இந்தியில் ஆட். எண்ணும் ஒன்று, ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று. ‘இங்கிருந்துதான் அங்கே போனது’ என்று வாட்ஸப்பில் தீர்ப்பு எழுதும் முன் சில சோதனைகளைச் செய்து பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை, இன்றைய வடிவத்தை ஒதுக்கிவிட்டுக் கிடைப்பதில் பழைய வடிவத்தைத் தேடுவது. எய்ட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்ட’. இன்று எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜி, எச் இரண்டும் அந்த ஹகரத்தின் மிச்சம். லத்தீனில் ஒக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. அஷ்ட பிராகிருதத்தில் அட்ட ஆகி, இந்தியில் ஆட் ஆனது. ஆகவே எய்ட்டும் ஆட்டும் ஒரே குடும்பம்.

தமிழ்ப் பக்கம் வாருங்கள். ஒரு சொல்லின் வேர் பெரும்பாலும் கூட்டுச்சொற்களில் பிடிபடும். எண்பது, எண்ணூறு, எண்திசை: எதிலும் எட்டு இல்லை, எண்தான். கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. அடியில் இருப்பது ணகரம். எய்ட்டின் பக்கமோ, லத்தீன் ஒக்டோவில் தெரிவதுபோல, ககரம். பழைய வடிவத்துக்குப் போகப்போக இரண்டும் விலகுகின்றன என்றால் உறவில்லை, தற்செயல்.

அடுத்தது ஒழுங்கு. ஒரு ஜோடியை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஐந்தாறு ஜோடிகளாவது ஒரே மாதிரி மாறியிருக்க வேண்டும். பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பெயர்–ஹெசரு: தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரம். இப்படிச் சீராக வேறுபட்டு நிற்பதே உறவுக்குச் சாட்சி. புஸ்தக, பூஜெ போன்றவற்றில் கன்னடத்திலும் பகரம் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். அவை வெளியிலிருந்து வந்த சொற்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். அச்சு அசலாக ஒத்திருந்தால் உறவு உறுதி என்று நினைத்துவிடுகிறார்கள். ஜெர்மன் ‘ஹாபென்’, லத்தீன் ‘ஹபேரே’ இரண்டுக்கும் ‘வைத்திருத்தல்’ என்றே பொருள். ஆனால் லத்தீன் ககரம் ஜெர்மனில் ஹகரமாக வர வேண்டும்: கோர்னு–ஹோர்ன் (கொம்பு), கானிஸ்–ஹுண்ட் (நாய்). அந்தக் கணக்குப்படி ஹாபெனின் உண்மையான பங்காளி, ‘பிடி’ என்னும் பொருளுடைய ‘காபேரே’.

கடன் சொல்லா என்று பார்க்க எளிய வழி, சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. எந்த மொழியில் அது பொருளோடு பிரிகிறதோ, அதுவே பெரும்பாலும் பிறந்த வீடு. கட்டுமரம் தமிழில் கட்டு, மரம் என்று பிரியும். ஆங்கிலக் ‘கேட்டமரான்’ பிரியாது. ஜன்னல் தமிழில் பிரியாது. போர்ச்சுகீசிய ‘ஜனேலா’வுக்கோ பின்னால் கதவைக் குறிக்கும் லத்தீன் ‘யானுவா’ நிற்கிறது.

குழந்தை வாயில் முதலில் வரும் சொற்களையும் ஓசையைப் போலச் செய்யும் சொற்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். கொரிய மொழியில் அப்பா என்றால் அப்பாதான். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றாலும் அப்பாதான்! இவற்றை வைத்து வம்சாவளி எழுத முடியாது.

திராவிடச் சொற்களுக்கு பரோவும் எமனோவும் தொகுத்த வேர்ச்சொல் அகராதியும், சமஸ்கிருதம், இந்தி முதலான இந்தோ-ஆரிய மொழிகளின் சொற்களுக்கு டர்னரின் ஒப்பீட்டு அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு தலைச்சொற்கள் இருந்தால் இரண்டையும் படியுங்கள். ஆங்கிலக் ‘கேஷ்’ அப்படிப்பட்டது. ரொக்கம் என்ற பொருளில் அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு ‘கேஸ்’ வழியாக லத்தீன் ‘காப்ஸா’வுக்குப் போகிறது. ஆசியாவின் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு ‘கேஷ்’தான் போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போன நம் காசு. இரண்டாவதற்குரிய விளக்கத்தை முதலாவதன் தலையில் கட்டி, உலகப் பணத்துக்கே தமிழ்ப்பெயர் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.