மேற்கு ஜன்னலும் மூன்றடுக்குக் கர்ட்டனும்: சென்னை வீட்டு இன்டீரியரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்பில் ஒரு படுக்கையறை டிசைனைக் காட்டினான். பெரும்பாக்கத்தில் தனி வீடு, சுவர் இன்னும் லிண்டல் மட்டம்கூட எழும்பவில்லை. மேற்குப் பக்கம் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி போட்டிருந்தான்.

"வெயில் கொளுத்துமே தம்பி?"

"பிளாக்அவுட் கர்ட்டன் போட்டுடலாம் சார்."

14 வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரரிடம் நான் சொன்ன அதே பதில். வெளிர் நிறப் பெயின்ட் அடியுங்கள், பால்கனியில் செடி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெயிலை உள்ளே விட்டுவிட்டுத் திரை போடுவது

வேளச்சேரி வீடு அது. மேற்கு பார்த்த அறை, 6 அடிக்கு 5 அடி ஜன்னல். பார்க்க அம்சமாக இருக்கட்டும் என்று மூன்றடுக்குக் கர்ட்டன் போட்டேன். தையல், கம்பி எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய். ஏப்ரலில் ஃபோன் வந்தது. ஏசி 18-ல் ஓடியும் அறை குளிரவில்லையாம். நேரில் போய்ப் பார்க்காமலே, "1 டன் பத்தாது சார், ஒன்றரை மாத்திடுங்க" என்றேன். பாவம், மாற்றினார்கள். கரண்ட் பில் ஏறியது. புழுக்கம் அப்படியே இருந்தது.

மே மாதம், கத்திரி வெயிலில், சாயங்காலம் நாலரைக்குத்தான் போனேன். கர்ட்டனைத் தொட்டால், அப்போதுதான் இஸ்திரி போட்டு வைத்த வேட்டி மாதிரி சுட்டது. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டேன். அடுப்படி அனல்.

நடப்பது இதுதான். கண்ணாடி வெயிலைத் தாராளமாக உள்ளே விடும். வெயில் பட்டுத் துணி சூடேறியதும் துணி வெளியிடுவது வேறு வகை வெப்பம், நீண்ட அலை. அதைக் கண்ணாடி வெளியே விடாது. துணியின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் வெயிலைத் திருப்பியடிக்கும், மிச்சமெல்லாம் அறைக்குத்தான். வெளிச்சம் நின்றுவிட்டதால் வெயிலும் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த அறையில் ஒரு ஹீட்டரைத் தொங்கவிட்டிருந்தேன்.

"மேலே 2 அடி சன்ஷேட் இருக்கே" என்பார்கள். தெற்கு ஜன்னலுக்கு அது சரி. தெற்கே சூரியன் மிகத் தாழ்ந்து போகும் மார்கழியில்கூட, உச்சிவெயில் சென்னையில் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். 2 அடி சன்ஷேட் இரண்டரை அடிக்கு மேல் நிழல் கொடுக்கும். மேற்கில் கதை வேறு. மே மாத நாலரை மணிச் சூரியன் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அதே சன்ஷேட்டின் நிழல் ஜன்னலின் மேல் ஓர் அடியோடு நின்றுவிடும். பாக்கி 4 அடியும் நேர் வெயில்.

கடைசியில் வழி காட்டியவர் வீட்டுக்காரரின் அம்மா, மன்னார்குடிக்காரர். ஆள் வைத்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினார். செலவு 1,800 ரூபாய். "வெயில உள்ள கூப்ட்டு உக்கார வச்சுட்டு, அப்புறம் மூஞ்சில துணியப் போட்டா போயிடுமா தம்பி?" என்றார். நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆகவே தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்: தட்டி, லூவர் (சாய்த்து அடுக்கிய பட்டைகள்), ஜாலி (துளை வைத்த தடுப்பு), வெளிப்பக்க ரோலர், எதுவானாலும் சரி. அடுக்குமாடியில் வெளியே எதையும் கட்ட அசோசியேஷன் விடாது. அங்கே கண்ணாடியை மாற்றத்தான் முடியும். கடையில் எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் கேளுங்கள். வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதுதான் அந்த எண். சாதாரணக் கண்ணாடிக்கு 0.8 பக்கம் இருக்கும். பாதிக்கும் கீழே இறங்கினால்தான் மாற்றுகிற செலவுக்கு அர்த்தம்.

வெயிலுக்குப் பயந்து மேற்கு ஜன்னலை அடியோடு அடைக்கவும் கூடாது. மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று வெளியேற ஒரு வழி வேண்டும். போக வழியில்லாத காற்று வராது.

ஸ்லைடிங் ஜன்னல்

வாங்கும்போது முழு ஜன்னல், திறக்கும்போது பாதி ஜன்னல். 5 அடிக்கு 4 அடி ஸ்லைடிங்கில் காற்று வருவது 10 சதுர அடிதான். குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு எகோ நிவாஸ் சம்ஹிதா விதி, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், திறக்கும் பரப்பு கார்ப்பெட் ஏரியாவில் (வெளிச்சுவர் சேராத உள்தரைப் பரப்பு) குறைந்தது 16.66 சதவீதம் இருக்கச் சொல்கிறது. அதாவது ஆறில் ஒரு பங்கு. 600 சதுர அடி ஃபிளாட்டுக்கு 100 சதுர அடி. உங்கள் வீட்டுக்கு நீங்களே கூட்டிப் பாருங்கள், பால்கனிக் கதவையும் சேர்த்துக்கொள்ளலாம். கீல் வைத்த பழைய கதவு ஜன்னல் முழுசாகத் திறக்கும். லாஃப்ட் கட்டி வென்டிலேட்டரை மூடுகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

வடக்கு ஜன்னல் எப்போதும் குளிர்ச்சி

டெல்லியில் சரியாக இருக்கலாம். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும்.

மொட்டைமாடிக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங்

கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க உமிழும். அதற்குக் கீழே ஜிப்சம் பலகை கட்டி முக்கால் அடி உயரத்தைத் தின்றுவிட்டு, ஃபேனைக் கூரையோடு ஒட்டவைத்தால் காற்று எங்கிருந்து வரும்? இறக்கைக்கு மேலே 1 அடியாவது இடைவெளி வேண்டும். அந்தப் பணத்தை மாடிக்கு மேலே செலவழியுங்கள்: வெள்ளை ஓடு, முடியாவிட்டால் சுண்ணாம்பு.

ஏர் கூலர்

சென்னையில் வேண்டாம். காற்றில் இருக்கிற ஈரமே போதும்.

கடற்கரைப் பக்க வீட்டில் வால்பேப்பர்

ஒட்டாதீர்கள்.

வெளிச்சுவரில் சாய்த்த அலமாரி

ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் வடக்கு, கிழக்குச் சுவர்களைத்தான் நனைக்கும். ஆசாரி அலமாரியைச் சுவரோடு அணைத்து அடித்துவிட்டுப் போவார். தைப் பொங்கலுக்குப் பட்டுப்புடவையை எடுத்தால் மடிப்பில் பூஞ்சை பூத்திருக்கும். அங்கேதான் வைத்தாக வேண்டுமென்றால் பின்னால் 2 அங்குலம் விடுங்கள். மேற்குச் சுவர் இன்னும் நல்லது: ஓதம் குறைவு, அலமாரியே வெயிலுக்கும் ஒரு தடுப்பு.

பையன் நேற்று மறுபடி வரைந்து கொண்டுவந்தான். மேற்கே சுவர் நீளத்துக்கு அலமாரி, நடுவில் 3 அடி ஜன்னல், அதற்கு வெளியே லூவர். ஜன்னல் மட்டும் ஸ்லைடிங். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.