லண்டனின் பழைய டபுள் டெக்கரில் ஒரு நாள் சுற்றுவது எப்படி

லண்டன் போகிறவர்களில் பலர் சிவப்பு டபுள் டெக்கர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. பின்பக்கம் கதவே இல்லாமல் ஒரு கம்பியைப் பிடித்து ஏறுகிற அந்தப் பழைய ரூட்மாஸ்டரில் இன்றைக்கும் ஏறிப் போகலாம். எங்கே, எப்போது, எந்த சீட் என்று தெரிந்தால் போதும்.

தினசரி சர்வீஸில் அதைத் தேடாதீர்கள். ரூட்மாஸ்டர் வழக்கமாக ஓடிய கடைசித் தடம் 159, அது 2005 டிசம்பர் 9-ஆம் தேதி நின்றுபோனது. நினைவுக்காக 9, 15 என்ற இரண்டு தடங்களில் மட்டும் சில வண்டிகளை விட்டுவைத்தார்கள். 9-ஐ 2014-இல் நிறுத்தினார்கள், 15-உம் 2019-க்குப் பிறகு ஓடவில்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது 'ரன்னிங் டே'. பழைய பஸ்களைச் சொந்தக் காசில் வாங்கிப் பராமரிப்பவர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு பழைய வழித்தடத்தில் டைம் டேபிள் போட்டு நாள் முழுக்க ஓட்டுவார்கள். பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது. அட்டவணையும் வண்டி விவரமும் அச்சிட்ட சிறு புத்தகம் விற்பார்கள், அதைக் கட்டாயம் வாங்குங்கள், டீசல் செலவுக்கு அதுவும் ஒரு கைகொடுப்பு. வேபிரிட்ஜ் பக்கம் புரூக்லேண்ட்ஸில் இருக்கும் லண்டன் பஸ் மியூசியம் எப்போது வண்டிகளை வெளியே எடுக்கிறது, ஆக்டனில் இருக்கும் போக்குவரத்து மியூசிய டிப்போ எந்த நாட்களில் திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள். ஆகஸ்டில் போவதாக இருந்தால் இம்பர் பஸ்ஸை விடாதீர்கள்: வருடத்தில் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் வார்மின்ஸ்டரிலிருந்து இம்பர் என்ற ஊருக்குப் பழைய லண்டன் பஸ்கள் போகும். ராணுவப் பயிற்சிக்காக 1943-இல் காலி செய்யப்பட்டு, அதன்பின் யாரும் குடியேற விடப்படாத ஊர் அது. இதற்குக் கட்டணம் உண்டு.

சரி, வண்டி வந்துவிட்டது. உடனே மாடிக்கு ஓடாதீர்கள், அந்த ஆசை எல்லோருக்கும் வரும். முதல் ட்ரிப் கீழேயே, பின்சக்கரத்துக்கு மேலே எதிரெதிராகப் போட்டிருக்கும் நீள இருக்கையில் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் கண்டக்டரின் வேலை தெரியும். மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆள் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருப்பார்கள், ஏறி இறங்குகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அவர் நிற்பதற்காகவே. டிரைவர் முன்னால் தனி அறையில் இருப்பதால் அவரோடு பேச வழியில்லை. கூரையோரம் ஓடும் கயிற்றை இழுத்தால் அவர் பக்கம் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. நம்ம ஊர் விசில் கணக்கேதான்! மூன்று அடித்தால் வண்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஆசையாக இருந்தாலும் நீங்களாக இழுத்துவிடாதீர்கள், கேட்டால் சில கண்டக்டர்கள் குழந்தைகளுக்குத் தருவார்கள். இந்த வேலைக்கு ஆள் போதாமல் 1956-இல், நகரப் பஸ்களை ஓட்டிய லண்டன் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் பார்படோஸுக்கே போய் ஆள் எடுத்தது. அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களின் உழைப்பில் ஓடிய பஸ் இது, அதை நினைத்துக்கொண்டு ஏறுங்கள்.

அடுத்த ட்ரிப்பில் மாடிக்குப் போங்கள், முன்வரிசை. ஜன்னலில் சின்னக் கைப்பிடி இருக்கும், சுற்றினால் கண்ணாடி இறங்கும். சுவரெல்லாம் கருஞ்சிவப்பு, கூரை மஞ்சள். உடம்பு முழுக்க அலுமினியம். போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிக்கொடுத்தபோது லண்டன் டிரான்ஸ்போர்ட் கற்ற தொழில் இதில் இறங்கியிருக்கிறது. அதனால்தான் இதற்கு முந்தைய மாடலான ஆர்.டி. வண்டியில் 56 இருக்கை, இதில் எடை கூடாமலே 64. 1968 வரை மொத்தம் 2,876 செய்தார்கள்.

அந்த ஆர்.டி.யும் ரன்னிங் டேயில் வரும், வந்தால் மற்றதை விட்டுவிட்டு அதில் ஏறுங்கள். லண்டனில் 1979 வரை ஓடியது. இலங்கைப் பெரியவர்கள் யாராவது கூட வந்தால் சட்டென்று அடையாளம் காண்பார்கள், ஏனென்றால் லண்டனில் ஓய்வுபெற்ற இந்த வண்டிகளை இலங்கை போக்குவரத்துச் சபை நிறைய வாங்கி அங்கே ஓட்டியது.

வண்டி நிற்கும் இடத்தில் உரிமையாளரிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த பாடியும் அடிச்சட்டமும் முதலிலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்று கேட்டால் போதும். அந்தக் காலத்தில் லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் ஆல்டன்ஹாம் பணிமனையில் பாடியைத் தனியாகத் தூக்கிப் பழுது பார்த்து, அப்புறம் தயாராக இருந்த வேறொரு அடிச்சட்டத்தில் இறக்கினார்கள், அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும்.

சில விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலியோடு ரூட்மாஸ்டரில் ஏற முடியாது, இவை தெருவை விட்டுப் போனதற்கு அதுவும் முக்கியக் காரணம். பின்பக்கம் திறந்தே இருப்பதால் கோடையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். நகரும்போது ஏறவோ இறங்கவோ கூடாது, மாடியில் நின்றுகொண்டு வரவும் கூடாது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திரும்புகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், அதில் கூட்டம் நெரியும், அதற்கு முந்தைய வண்டியைப் பிடிப்பது நல்லது.