குழந்தைகளோடு ஜெர்மனி போகும் கொங்குக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போவது புதிதல்ல. மோட்டார், பம்ப், பவுண்டரி, மில் என்று இயந்திரத்தோடு வளர்ந்த ஊர்கள். இங்கே படித்த பிள்ளைகளை அங்கே கூப்பிடத்தான் செய்கிறார்கள். முன்பு தனியாளாகப் போய் நாலைந்து வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது இரண்டு வயது, நாலு வயதுக் குழந்தைகளோடு குடும்பமாகவே கிளம்புகிறார்கள். விசா, டிக்கெட், முதல் மாத வீடு எல்லாவற்றையும் பெரும்பாலும் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. குழந்தை விஷயத்தை மட்டும் "சின்னதுங்கதானே, தானாப் பழகிக்கும்" என்று விட்டுவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

குழந்தை பழகிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் நாம் நினைக்கிற வேகத்தில் இல்லை. இங்கே காலையில் எழுந்தால் அப்பத்தா, எதிர்வீட்டுக்குப் போனால் சித்தி, வெள்ளிக்கிழமையானால் அம்மாயி வீடு என்று இருந்த பிள்ளைக்கு, ஒரே நாளில் அத்தனை முகமும் காணாமல் போகிறது. அந்த இடத்தில் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் மிச்சம். அந்த இருவரும் முதல் ஆறு மாதம் வேலை, வீடு, ஆபீஸ் என்று ஓடிக்கொண்டே இருந்தால் குழந்தை யாரைப் பிடித்துக்கொள்ளும்? முதல் ஆறு மாதத்தைக் குழந்தையின் வேகத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. கீழே சொல்லும் காகித வேலைகளும் அதற்காகத்தான். அவற்றை முன்கூட்டியே முடித்தால் குழந்தைக்கு நேரம் கிடைக்கும்.

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் இல்லாமலே சான்றிதழ் வாங்கி பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். விசா தேதி நெருங்கும்போது இதற்காக நகராட்சிக்கு அலையக்கூடாது. அடுத்தது நம்முடைய இனிஷியல். கணவருக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர், பிள்ளைக்கு நம் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் வந்துவிடும். அதில் தப்பில்லை. ஆனால் ஜெர்மனியில் தபால்காரர் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். வரி எண், இன்சூரன்ஸ் அட்டை, வங்கிக் கார்டு எல்லாம் தபாலில்தான் வருகிறது. எனவே அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் வீட்டில் இருக்கும் எல்லாருடைய குடும்பப் பெயரையும் முதல் நாளே ஒட்டச் சொல்லுங்கள்.

தடுப்பூசி அட்டை இன்னொன்று. நம் டாக்டர்கள் கையால் எழுதிக் கொடுக்கும் அட்டையில் மருந்தின் பிராண்டு பெயர் மட்டும் இருக்கும், தேதி பாதி அழிந்திருக்கும். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சட்டமே உண்டு. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு ஒரு ஊசி, இரண்டு வயது முடிந்தால் இரண்டு ஊசி போட்டதற்கு ஆதாரம் இல்லாமல் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். நம் அரசு அட்டவணையில் இரண்டாவது தட்டம்மை–ரூபெல்லா ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் வருகிறது. அந்த வயதில் கிளம்புகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே கிளம்பலாம். டாக்டரிடம் எந்த நோய்க்கு எந்தத் தேதியில் ஊசி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது பாட்டிமார்களின் அன்பு எல்லை மீறும். ஊத்துக்குளி நெய் இரண்டு பாட்டில், பால்கோவா, ஒரு கட்டு கறிவேப்பிலை என்று உள்ளே போகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுவரக்கூடாது. நெய்யும் பால் பொருள்தான். கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்கும் பெரும்பாலான காய்கனிகளுக்கும் 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. சுங்கத்தில் பிடித்தால் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மஞ்சள்தூள், பருப்புப்பொடி, மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள். நெய்யை அங்கே நல்ல வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளலாம்.

போய் இறங்கியதும் டாக்ஸி பிடிக்கும்போதே ஒரு விஷயம். அங்கே 12 வயது வரை, அல்லது 150 செ.மீ. உயரம் வரும் வரை, காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு போகும் பழக்கம் விமான நிலைய வாசலிலேயே முடிந்துவிட வேண்டும். டாக்ஸி பதிவு செய்யும்போதே குழந்தைகளின் வயதைச் சொல்லி இருக்கை கேளுங்கள்.

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். சில தற்காலிக வீடுகளில் அதைக் கொடுக்க மாட்டார்கள். வாடகை மலிவு என்று அப்படிப்பட்ட வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்தால் மற்ற எல்லாம் தள்ளிப்போகும். பதிந்த பிறகுதான் வரி எண் வரும், அதன் பிறகுதான் குழந்தைகளுக்கான மாத உதவித்தொகைக்கு வழி. இந்தத் தொகை 2025-இல் ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ. நீலநிற அட்டை என்று சொல்லப்படும் வேலை அனுமதியில் போகும் நம்மவர்களுக்கும் இது உண்டு. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு வருடம் கழித்து விண்ணப்பித்தால் பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள். மீதி போனது போனதுதான்.

மருத்துவ இன்சூரன்ஸில் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. நல்ல சம்பளம் உள்ளவர்களைத் தனியார் இன்சூரன்ஸ்காரர்கள் தேடி வருவார்கள். கணவர் முன்னாடி தனியாகப் போய் வேலையில் சேரும்போது அது மலிவாகத் தெரியும். பிறகு மனைவியும் இரண்டு குழந்தைகளும் வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பொது இன்சூரன்ஸில் இருந்தால் வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமலே சேர்ந்துகொள்ளலாம். தனியாரிலிருந்து பொதுவுக்குத் திரும்புவது நினைத்த நேரத்தில் நடக்காது. இன்னொன்றும் உண்டு: பொது இன்சூரன்ஸில் இருக்கும் பெற்றோருக்கு, 12 வயதுக்குட்பட்ட குழந்தை உடம்பு சரியில்லாமல் படுத்தால் அதற்கென்றே விடுப்பு கிடைக்கும். 2025-இல் ஒரு குழந்தைக்கு அம்மாவுக்கு 15 வேலை நாள், அப்பாவுக்கு 15 வேலை நாள். அந்த நாட்களுக்கு இன்சூரன்ஸ் பணம் தருகிறது. பாட்டி இல்லாத ஊரில் இந்த முப்பது நாள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது முதல் குளிர்காலத்தில் புரியும்.

இனி காப்பகம். அங்கே அதைக் கீட்டா என்பார்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் கீட்டாவில் இடம் பெறுவது 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படியான உரிமை. ஆனாலும் பல ஊர்களில் இடம் போதவில்லை. வேலை உறுதியான கையோடு, இங்கிருந்தே அந்த நகரத்தின் இணையதளத்தைப் பார்த்துப் பதிந்துவையுங்கள். போய் இறங்கிய பிறகு தேடலாம் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இடம் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். நம் ஊர் எல்.கே.ஜி.யில் முதல் நாளே அழுகிற பிள்ளையை மிஸ் கையில் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புவோம். அங்கே அப்படி விட மாட்டார்கள். பழக்கும் காலம் என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு அறையிலேயே ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருக்க வேண்டும். பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள். நாலாவது நாள் வாக்கில் சில நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள். குழந்தை பார்த்துக்கொள்பவரிடம் சமாதானம் ஆகிறதா என்று பார்த்து நேரத்தைக் கூட்டுவார்கள். இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரம், சில குழந்தைகளுக்கு அதற்கும் மேல். இதைத் தெரியாமல் கணவனும் மனைவியும் ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்று நிற்பவர்கள் உண்டு. தயவுசெய்து ஒருவராவது அந்த ஒரு மாதத்தைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள். பெற்றோர் அவசரப்பட்டால் குழந்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கடுத்து மொழி. எனக்குத் தெரிந்த கோபி பக்கத்துக் குடும்பம் ஒன்றில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை. இங்கே இருந்தவரை வாய் ஓயாது. கீட்டாவில் சேர்ந்து மாதங்கள் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவர் யாரோ "வீட்ல தமிழ் பேசறதாலதான்" என்று சொல்ல, அப்பாவும் அம்மாவும் வீட்டில் ஆங்கிலமும் அரைகுறை ஜெர்மனும் பேச ஆரம்பித்தார்கள். என்ன ஆனது? குழந்தை வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டாள். "கண்ணு, சோறு உங்கறயா" என்று கேட்ட அம்மாவே திடீரென்று வேறு ஆளாகிவிட்டால் மூன்று வயதுக்கு என்ன புரியும்?

புது மொழிக்குள் போகும் சின்னக் குழந்தைகள் முதலில் சில வாரம், சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். வீட்டு மொழி அதைக் கெடுக்காது. தாய்மொழி பலமாக இருக்கும் குழந்தைக்கு இரண்டாவது மொழி ஏறுவது எளிது. அந்தக் குடும்பம் பிறகு தமிழுக்கே திரும்பியது. கூடவே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, பசிக்குது, அம்மா வருவாங்க என்று பத்துப் பதினைந்து சொற்களை ஜெர்மன் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டு, கீட்டாவில் கொடுத்தார்கள். பார்த்துக்கொள்ளும் அம்மா அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு "தண்ணி?" என்று கேட்டதும் குழந்தை தலையாட்டினாள். அங்கிருந்துதான் வழி திறந்தது. வீட்டிலும் வெளியிலும், எந்த மொழியிலும் பல மாதமாகப் பேச்சே இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அது வேறு. தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த மருத்துவரை, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே பிடித்துவையுங்கள். பல குழந்தை மருத்துவர்கள் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. கீட்டாவின் முதல் குளிர்காலத்தில் சளி, காய்ச்சல் மாறி மாறி வரும். அந்த வயதில் வருடத்துக்கு எட்டுப் பத்து முறை வருவதுகூடச் சாதாரணம்தான் என்பார்கள். ஊசியோ ஆன்டிபயாடிக்கோ உடனே தர மாட்டார்கள். "டாக்டர் ஒண்ணுமே தரலை" என்று கோபப்பட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன சிரப்பைத் தாமாகவே கொடுப்பது ஆபத்து. இரவிலோ விடுமுறையிலோ அவசரமில்லாத சந்தேகத்துக்கு 116117, உயிர் ஆபத்து என்றால் 112. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருந்தால் கீட்டாவில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாட்டிறைச்சி வேண்டாம், அசைவமே வேண்டாம், முட்டை பரவாயில்லை என்று ஒவ்வொன்றையும் தெளிவாக எழுதுங்கள். பிறந்தநாளுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் பசை மிட்டாயில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

அடிக்கும் பழக்கம் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். வன்முறையில்லாமல் வளர்வது குழந்தையின் உரிமை என்று அங்கே 2000-இலேயே சட்டம் வந்துவிட்டது. "ஒரு தட்டுத் தட்டினேன்" என்பதெல்லாம் அங்கே சின்ன விஷயமல்ல. இங்கேயும் அது சரியல்ல என்பதுதான் என் எண்ணம்.

கிரைண்டருக்கு வருவோம். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், ஆகவே கோவை கிரைண்டர் ஓடும். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும், மற்ற நாளில் இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை சத்தம் கூடாது. நாம் மாவாட்டுவது பெரும்பாலும் ஞாயிறன்றுதான். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை காத்திருக்காமல் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை ஓடுகிற சத்தத்துக்கு யாரும் சட்டம் பேச மாட்டார்கள், ஆனாலும் குடிவந்த வாரமே கீழ்வீட்டில் போய் அறிமுகம் செய்துகொள்வது நல்லது.

"அம்மாயி வந்து பாத்துக்குவாங்க" என்று திட்டம் போட்டிருந்தால் கணக்கைச் சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். அப்புச்சியும் அம்மாயியும் சேர்ந்து வருவதைவிட, ஒரு பாட்டி முதலில், இன்னொரு பாட்டி அடுத்து என்று பிரித்துக்கொண்டால் குளிர்காலத்தைத் தாண்டலாம். மற்ற நாட்களில் வீடியோ அழைப்புதான். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். கீட்டா முடிந்து குழந்தை வீட்டுக்கு வரும்போது ஊரில் தாத்தா தூங்கப் போயிருப்பார். சனி, ஞாயிறு காலையில், குழந்தை சாப்பிடும் நேரத்தில் போனைச் சாய்த்து வைத்துவிடுங்கள். பேசு பேசு என்று கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தப் பக்கம் பாட்டி அரிசிம்பருப்பு சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் அதைப் பார்த்தாலே போதும்.

குழந்தை ஆறு வயதை நெருங்கினால் ஊர்ப் பயணத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பள்ளி கட்டாயம் என்பதால், பொங்கலுக்கு என்று ஜனவரியில் பத்து நாள் எடுக்க முடியாது. அனுமதியில்லாமல் கூட்டிப்போனால் அபராதம். தெற்கு மாநிலங்களான பவேரியாவிலும் பாடன்–வூர்ட்டெம்பெர்க்கிலும் கோடை விடுமுறை ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ ஆரம்பித்து செப்டம்பர் நடுவரை போகும். ஆடி 18-க்குப் பவானி கூடுதுறையில் குழந்தை கால் நனைக்க அது பெரும்பாலும் சரியாக அமையும். டிக்கெட் விலை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், ஆகவே முந்தின பொங்கலோடு பதிவு செய்துவிடுங்கள்.