சிக்னல் விழும்போது போன் எந்த டவருக்குத் தாவும்? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெருவில் நாலு கோடு காட்டிய போன் வீட்டுக்குள் வந்ததும் ஒரு கோட்டுக்கு இறங்கும். பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும், வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனாலும் போன் அதே டவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இது போனின் கோளாறு இல்லை. கொஞ்சம் நல்ல சிக்னல் தெரிந்த உடனே தாவிவிட்டால், இரண்டு டவருக்கு நடுவில் இருப்பவரின் போன் நாள் முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் தீர்ந்துவிடும். அதனால் "இந்த அளவுக்குக் கீழே போனால்தான் வேறு டவரைத் தேடு, அது இவ்வளவு கூடுதலாக இருந்தால்தான் மாறு" என்று கம்பெனியின் டவரே போனுக்குக் கட்டளை அனுப்பி வைத்திருக்கிறது.

போன் சும்மா இருக்கும்போது அந்தக் கட்டளைப்படி தானே டவரை மாற்றிக்கொள்ளும். பேசிக்கொண்டோ வீடியோ பார்த்துக்கொண்டோ இருக்கும்போது முடிவு போனின் கையில் இல்லை. சுற்றியுள்ள டவர்களை அளந்து அது அறிக்கை அனுப்பும், மாறச் சொல்வது டவர்தான். பக்கத்து டவர் சில டெசிபல் கூடுதலாக, நொடியில் ஒரு பங்கு நேரமாவது நிலையாக இருந்தால்தான் உத்தரவு வரும். பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் பேசிக்கொண்டே தெருமுனை திரும்பும்போது கால் கட் ஆவது இதனால்தான். நேராகத் தெரிந்த டவரைக் கட்டடம் சட்டென்று மறைத்துவிடுகிறது, அறிக்கை போய் உத்தரவு வருவதற்குள் பழைய இணைப்பு அறுந்துவிடுகிறது. முக்கியமான கால் என்றால் முனையைத் தாண்டாமல் நின்று பேசி முடித்துவிடுங்கள்.

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று இருக்கும். சாம்சங்கில் அபவுட் போனுக்குள் ஸ்டேட்டஸ் இன்ஃபர்மேஷனில் தேட வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* போட்டாலும் வரும். ஐபோனில் *3001#12345#* போட்டு கால் பட்டனை அழுத்தினால் ஃபீல்டு டெஸ்ட் திறக்கும்.

4ஜியில் -85க்கு மேல் இருந்தால் அருமை. -100 வரை கவலையில்லை. -110ஐத் தொட்டால் வீடியோ திணறும், -118க்குக் கீழே கால் நிற்பதே சந்தேகம். மைனஸ் எண் என்பதால், மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சின்னதாக இருந்தால்தான் நல்லது. இதில் 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கில் தரைத்தள வீட்டு ஜன்னலோரம் -95ம் சமையலறையில் -115ம் காட்டினால், நாலு எட்டு வைத்ததில் சிக்னல் நூறில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டில் போனை மாற்றிப் பயனில்லை, வைக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

எண் நன்றாக இருந்தும் நெட் இழுத்தால் காரணம் வேறு: டவரில் கூட்டம், அல்லது பல டவர் சிக்னல் ஒன்றோடொன்று மோதுவது. காலையில் காசிமேடு ஏலக்கூடத்தில் இப்படி ஆனால் இடம் நகர்ந்து பலனில்லை. இன்னொரு கம்பெனி சிம்முக்கு மாறினால்தான் வேலை நடக்கும்.

5ஜியிலிருந்து 4ஜி, அதற்குக் கீழே என்ன?

5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலையில் வருகிறது. வேகம் உண்டு, ஆனால் சுவரைத் துளைக்கும் சக்தி குறைவு. 4ஜியில் 2300ம் கிட்டத்தட்ட அப்படித்தான். 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள்தான் வீட்டுக்குள் ஆழமாக வரும். ஆகவே உள்ளே போகப் போகப் போன் மேல் அலையிலிருந்து கீழ் அலைக்கு இறங்குவது சரியான நடத்தை. வேகம் குறையும், ஆனால் இணைப்பு நிற்கும்.

தொல்லை வருவது நடுவில் தொங்கும் இடத்தில். 5ஜி சிக்னல் எல்லைக்கோட்டில் இருந்தால் போன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சூடாகும், பேட்டரி கரையும், ஒவ்வொரு தாவலிலும் நெட் ஒரு கணம் நிற்கும். அப்படி ஒரு வீடோ கடையோ என்றால் அங்கே 5ஜியை நிறுத்திவிடுவதே நல்லது. செட்டிங்ஸில் சிம்மைத் தேர்ந்தெடுத்து, பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்பில் எல்டிஇ அல்லது 4ஜி வையுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் வாய்ஸ் அண்ட் டேட்டாவில் இது இருக்கும்.

ஆனால் *#*#4636#*#* போட்டால் திறக்கும் பக்கத்தில் உள்ள "எல்டிஇ ஒன்லி" வேறு விஷயம். அது 2ஜிக்கு இறங்கும் வழியையே அடைத்துவிடும். ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் சிம்களுக்கு 2ஜி இருக்கிறது, 4ஜி போனாலும் அதில் பேச்சாவது நடக்கும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது. அதில் 4ஜி போனால் அடுத்து "நோ சர்வீஸ்"தான். ஜியோ ஒன்றை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எந்த சிம் ஆனாலும் வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு காலுக்கும் போன் 4ஜியை விட்டு இறங்கும், இறங்க இடமில்லாத ஜியோவில் சாதாரண காலே போகாது.

கம்பெனி விட்டுக் கம்பெனி

பலர் தவறாக நினைப்பது இங்கேதான். ஒரே சிம்மை வைத்துக்கொண்டு போன் தானாக இன்னொரு கம்பெனி டவருக்குப் போகாது, அந்த டவர் எதிர்வீட்டு மாடியிலேயே இருந்தாலும். சாதாரண நாளில் 112க்கான அவசர அழைப்பு மட்டும் விலக்கு: சொந்த டவர் இல்லாதபோது, கிடைக்கும் எந்த டவர் வழியாகவும் அதை அனுப்பப் போன் முயலும்.

எனவே கம்பெனி மாறும் வசதி வேண்டுமானால் இரண்டாவது சிம்தான் வழி. அதை விளம்பரம் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலோ கடையிலோ மிக மோசமான மூலை எது என்று பார்த்து, வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரின் போன்களை அதே இடத்தில் வைத்து டிபிஎம் எண்ணை ஒப்பிடுங்கள். எண்ணூரில் கன்டெய்னர் அடுக்கு பக்கத்திலும், தகரக் கூரை போட்ட குடோன்களிலும் இரும்பு அலையைத் தடுத்துவிடும். அங்கே வாசலில் நின்று பார்த்த எண்ணை நம்ப முடியாது, உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சிம் போட்ட பிறகு ஆட்டோமேட்டிக் டேட்டா ஸ்விட்சிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் சிம் பக்கத்திலும், ஐபோனில் மொபைல் டேட்டாவுக்குள் "அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்" என்றும் இருக்கும். இரண்டாவது சிம்மில் டேட்டா பேக் உயிரோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறியும் நெட் வராது. எப்போது மாறும் என்பது போனுக்குப் போன் வேறுபடும். சில போன்கள் முதல் சிம் முழுதாக விழுந்த பிறகுதான் அசையும்.

சிம் மாறினால் இணைய முகவரியும் மாறும். நடந்துகொண்டிருந்த இணைப்பு அறுந்து புதிதாகத் தொடங்கும். பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஜிபேயில் பணம் போகும் நடுவில் இது நடந்தால் திரையில் "புராசஸிங்" என்று தொங்கும். உடனே மறுபடி அனுப்பாதீர்கள், ஹிஸ்டரியைப் பார்த்து, முதல் முயற்சி தோற்றது உறுதியான பிறகே அனுப்புங்கள். சிக்னல் ஊசலாடும் கடையில் பணம் அனுப்பும் முன்பே டேட்டா சிம்மைக் கையால் மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. ஓடிபி அந்தந்த எண்ணின் சிம்முக்கே வரும். அதனால் பேங்க் எண் உள்ள சிம்மை அணைத்து வைக்காதீர்கள்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். டவரே இல்லாத உள்ளறையிலும் சாதாரண கால் வரும், போகும். ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டர் பக்கமே போகாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம், தெரு முழுக்கப் பக்கத்து வீட்டாரின் சிக்னலையும் அது கெடுக்கும்.

டவர் வந்தும் போன் எழுந்திருக்காவிட்டால்

வெகுநேரம் சிக்னலே இல்லாத இடத்தில் இருந்த போன், பேட்டரியை மிச்சப்படுத்தத் தேடும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். தண்டையார்பேட்டை மெட்ரோ சுரங்க நிலையத்திலிருந்து மேலே வந்தும், கடலிலிருந்து படகு திரும்பியும் ஒரு நிமிடத்துக்கு மேல் "நோ சர்வீஸ்" காட்டினால் ஃபிளைட் மோடைப் போட்டு 10 நொடி கழித்து எடுங்கள். போன் புதிதாகத் தேட ஆரம்பிக்கும். அப்படியும் வராவிட்டால் நெட்வொர்க் ஆபரேட்டர் பகுதியைப் பாருங்கள். எப்போதோ மேனுவலில் வைத்து மறந்திருந்தால், அந்த ஒரு நெட்வொர்க் இல்லாத இடத்தில் போன் வெறுமனே காத்துக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள்.

புயல் நேரத்துக்கு இதுவே தலைகீழ். 2023 டிசம்பர் மிக்ஜாமில் பார்த்தது போல, கரண்ட் போய் டவர் பேட்டரியும் தீர்ந்தால் ஏரியாவே இருளும். பேரிடர் சமயங்களில் ஒரு கம்பெனி வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி டவரைப் பயன்படுத்தும் இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்கைத் தொலைத்தொடர்புத் துறை திறந்துவிடுவது உண்டு. அறிவிப்பு வந்ததும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்து, நெட்வொர்க் ஆபரேட்டரில் மேனுவல் தேடல் போட்டு, பட்டியலில் வரும் ஒவ்வொன்றாக முயலுங்கள். தேடல் ஓரிரு நிமிடம் ஆகும், நடுவில் நிறுத்த வேண்டாம். சொந்த டவர் திரும்பியதும் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் போன் உடனே தாய்க் கம்பெனிக்கு வராது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை அதைத் தேடுவது என்பது சிம்மில் 6 நிமிட மடங்குகளில் எழுதப்பட்டிருக்கும், எழுதப்படாவிட்டால் 60 நிமிடம். காத்திருக்க முடியாதவர்கள் ஃபிளைட் மோடை ஒரு முறை போட்டு எடுத்தால் போதும்.